வாழ்க்கைத் தரமா, வாழ்நலமா?

சித்திக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆய்வுப் படிவம் நிரப்ப வந்த பெண் அச்சிலிருந்ததை அப்படியே வாசித்தாள்: "அம்மா, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது? ஒன்றிலிருந்து ஏழுக்குள் சொல்லுங்கள்." சித்தி கொஞ்சம் யோசித்தாள். "வாடகை வீடுதான்மா. பையன் இப்பத்தான் வேலைக்குப் போறான். நாலு போட்டுக்கோ."

அந்தப் பெண்ணும் நாலைச் சுழித்துவிட்டுப் போனாள். சித்தியின் இடது கை வீக்கமும், ஸ்கேன் தேதி நெருங்கினால் அவள் தூங்காமல் கிடப்பதும் அந்த நாலில் எங்கே இருக்கின்றன?

நோயோடும் சிகிச்சையோடும் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைக் குறிக்க ஆய்வாளர்கள் சொல்லும் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்பதைத்தான் 'வாழ்க்கைத் தரம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். குவாலிட்டிக்கு மூலம் 'குவாலிஸ்' என்ற லத்தீன் சொல். 'எப்படிப்பட்டது' என்று பொருள். ஒரு கிரேக்கச் சொல்லைப் பெயர்ப்பதற்காக ரோமானிய எழுத்தாளர் சிசரோ அதிலிருந்து 'குவாலிதாஸ்' என்று உருவாக்கினார். சரி, வேர் இவ்வளவு போதும். 'எப்படி' என்று கேட்கிற சொல் அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம்முடைய 'தரம்' எப்படி என்று கேட்பதில்லை; எத்தனையாவது படி என்று கேட்கிறது. நிலவரிக் கணக்கில் மண்ணுக்குத் தரம் உண்டு. தரம் போடாத நிலத்துக்குத் 'தரமிலி' என்று பெயரே இருக்கிறது. இலங்கையில் பள்ளி வகுப்பே தரம்தான்: தரம் 5, தரம் 6. கடைக்காரர் முதல் தரம், இரண்டாம் தரம் என்று அரிசியைப் பிரிக்கிறார். போதாததற்கு, ஸ்டாண்டர்டு ஆஃப் லிவிங் என்பதற்கும் நாளிதழ்களில் பல காலமாக இதே 'வாழ்க்கைத் தரம்'தான். வீடு, வருமானம், வண்டி. சித்தி தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டாள். 'வாழ்வின் தரம்' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் சட்டையை மட்டும் மாற்றுகிறார்கள்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. புற்றுநோய் ஆய்வுகளில் உலகெங்கும் புழங்கும் கியூஎல்கியூ-சி30 என்ற படிவம் 1993இல் வெளியானது. அதில் 30 கேள்விகள். கவலை, எரிச்சல், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிக் கேள்வி உண்டு. நோயால் வந்த பணக்கஷ்டத்துக்கும் தனியாக ஒன்று, 28ஆவது. 30ஆவதுதான் மொத்தத்தில் எப்படி என்பது. அங்கேயும் ஒருவர் வாடகையை நினைத்துப் பதில் சொன்னால் காசு இரண்டு தரம் எண்ணப்படும், அந்த மொத்தத்திலிருந்து மனசு விடுபட்டுப்போகும். (பாருங்கள், 'இரண்டு தரம்' என்று இங்கே வேறு பொருளில் வந்து நிற்கிறது.)

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியதை இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். 'வாழ்க்கைத் தரம்' அங்கே அழகாகத் தேறிவிடும், ஏனென்றால் இருவர் கையிலும் ஒரே அகராதி. நோயாளியிடம் வாசித்துக் காட்டி "என்ன புரிந்தது?" என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அதற்கு நேரம் ஒதுக்காமல் கலைச்சொல் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள்மேல்தான் என் கோபம்.

அப்படியானால் எது? 'வாழ்நலம்' என்பேன். வாழ்நாள் மாதிரி வினைத்தொகை. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிய யாருக்கும் விளங்கும். நலம் என்றாலே நல்லது, ஆனால் குவாலிட்டி மோசமாகவும் இருக்கலாமே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உடல்நலம் சரியில்லை என்று நாம் சொல்வதில்லையா? நலமும் ஏறும், இறங்கும். உடல்நலத்தோடு குழம்பும் என்பது அதைவிட வலுவான ஆட்சேபம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உடம்போடு குழம்புவது வாடகையோடு குழம்புவதைவிட மேல்.

கட்டுரைக்கும் தலைப்புக்கும்தான் இந்தக் கலைச்சொல். நோயாளியிடம் அதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு நான் கேட்டேன்: "சித்தி, போன வாரம் மொத்தத்துல எப்படி இருந்தீங்க? ரொம்ப மோசம்னா ஒண்ணு, ரொம்ப நல்லான்னா ஏழு."

"ரெண்டு" என்றாள்.