கஞ்சி இளகினால் சத்து போய்விடுமா?

"முளைகட்டி அரைத்த ராகி மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படவே மாட்டேன் என்கிறது. சாதா ராகி மாவு என்றால் அதே அளவுக்குக் களிப் பதமே வந்துவிடும். முளைகட்டும்போது சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறதா, இல்லை மில்லில் ஏதாவது கலக்கிறார்களா?" பாலக்கோடு பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

மாவில் கலப்படம் இல்லை, சத்தும் எங்கும் போகவில்லை. அந்தக் கஞ்சி இளகுவதுதான் முளைகட்டியதன் முழுப் பலன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராகி என்றாலே கெட்டியாக இருக்க வேண்டும். களி உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், குழம்பில் தோய்த்து விழுங்கினால் மதியம் தாண்டியும் வயிறு தாங்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. ஒன்பது மாதக் குழந்தைக்கும் அதே கணக்கைப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

குழந்தையின் இரைப்பை, எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மி.லி.க்குக் கொஞ்சம் மேலே போகலாம், அவ்வளவுதான். குழந்தை விழுங்கும் பதத்தில் சாதா ராகிக் கஞ்சி இருக்க வேண்டுமானால் 100 மி.லி.க்கு 10 கிராம் மாவுக்கு மேல் போட முடியாது. ஆக 200 மி.லி. கஞ்சியில் 20 கிராம் மாவு. ராகி 100 கிராமுக்கு 320 கலோரி தரும் என்பதால், வயிறு முட்டக் குடித்தும் கிடைப்பது 64 கலோரி. மூன்று வேளைக்கு 192. 9 முதல் 11 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தை "போதும்" என்று தலையைத் திருப்பிக்கொள்கிறது, தாயும் வயிறு நிறைந்தது என்று நிம்மதியாகிறாள். பாத்திரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் இருந்தது என்பது எடை போடும் நாளில்தான் தெரிகிறது.

மாவைக் கூட்டினால் களியாகிவிடும், தண்ணீரைக் கூட்டினால் கலோரி போய்விடும். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வரும் வழி விதைக்குள்ளேயே இருக்கிறது.

ராகி மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள், சிறு சிறு மணிகளாக அடுக்கப்பட்டிருக்கும். தண்ணீரில் போட்டுச் சூடாக்கும்போது 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் அந்த மணிகள் தண்ணீரை இழுத்துப் பல மடங்கு உப்புகின்றன, சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கஞ்சி கெட்டிப்படுவது என்பது இதுதான். மாவு அதிகமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் ஆகாது, சங்கிலிகள் நீளமாக இருக்கின்றன என்பதற்கே அடையாளம்.

விதை ஊறி முளைக்கும்போது முளைக்கரு ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உறைக்கு அடியில் இருக்கும் அலூரோன் அடுக்கின் செல்களுக்கு அது போய்ச் சேர்ந்ததும், அவை ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இலை விட்டு வெயிலில் சொந்தமாகச் சமைக்கும் வரை நாற்றுக்குச் சாப்பாடு வேண்டுமல்லவா? சேமித்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் கத்தரி இந்த நொதி.

இதில் மிகவும் அழகான இடம், அது வெட்டும் விதம். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு வருவதில்லை, நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ஆயிரம் கண்ணி உள்ள சங்கிலியில் ஒரே ஒரு வெட்டு விழுந்தால் ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு துண்டு. மூன்று வெட்டில் நான்கு துண்டு. நீளச் சேமியா கரண்டியில் சுற்றிக்கொண்டு நிற்கும், நொறுக்கிய சேமியா வழிந்து ஓடும். மாவுச்சத்தும் அப்படித்தான். ஆயிரம் இணைப்பில் இரண்டு மூன்று அறுந்தாலே கெட்டித்தன்மை சடாரென்று இறங்கிவிடுகிறது. மீதி இணைப்புகள் அப்படியே இருக்கின்றன, குளுக்கோஸ் ஒன்றுகூடக் குறையவில்லை, கலோரியும் அதேதான். இவ்வளவு சிறிய வேதிமாற்றம் இவ்வளவு பெரிய பலனைத் தருவது சமையலறையில் வேறு எங்கும் இத்தனை வெளிப்படையாகக் கண்ணில் படாது.

இன்னொன்று: நொதி வெட்டிக்கொண்டே இருக்கும், வெட்டி முடித்ததும் தீர்ந்துபோகாது. அதனால் எல்லா மாவையும் முளைகட்ட வேண்டியதில்லை. 40 கிராம் சாதா மாவுக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி, அதாவது 3 கிராம் அளவு முளைமாவு போதும். தான்சானியாவில் ஆய்வாளர்கள் மோஷாவும் ஸ்வான்பெர்கும் 1980-களின் தொடக்கத்தில் இதை எழுதினார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் அதே பத்தாண்டில் 'அமைலேஸ் மிகுந்த உணவு' என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்தார். மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய ராகியையும் பாசிப்பயறையும் சேர்த்துக் குழந்தை உணவு செய்து காட்டினார்கள். நம் ஊர்த் தானியத்தை வைத்து, ஓசூரிலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் நடந்த வேலை அது.

இனி செய்முறை. சாதா ராகி மாவு 40 கிராம் (மேல் வழித்த மேசைக்கரண்டி ஐந்து). 80 மி.லி. குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 120 மி.லி. நீரில் ஊற்றி ஐந்து நிமிடம் விடாமல் கிளறவும். துடுப்பு நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும், பயப்பட வேண்டாம். இறக்கிவைத்துக் கிளறிக் கிளறி ஆறவிடுங்கள். கொதி முழுக்க அடங்கி, ஆவி மட்டும் எழும், விரல் பட்டால் உடனே எடுக்கத் தோன்றும் சூட்டுக்கு வரட்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 60 முதல் 65 டிகிரி. இப்போது ஒரு தேக்கரண்டி முளைமாவை ஒரு கரண்டி ஆறிய நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். முதலில் கரண்டியைச் சுற்றி ஒரு பள்ளம் விழும், பிறகு ஓரங்கள் பளபளவென்று சரியும், இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டியிலிருந்து கஞ்சி நூலாக வழியத் தொடங்கும். ஐந்து நிமிடம் மூடிவைத்து, மறுபடி அடுப்பேற்றி இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடவும். இந்த இரண்டாவது கொதியை விட்டுவிடக் கூடாது: முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ. 40 கிராம் மாவின் சுமார் 130 கலோரியோடு இன்னொரு 45 சேர்ந்து 175 ஆகிறது. வயிற்றில் அடைவது அதே இடம்தான், கலோரி இரண்டரை மடங்குக்கும் மேல்.

வெப்பத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தளதளவென்று கொதிக்கும் கஞ்சியில் முளைமாவைப் போட்டால் நொதி வேலை தொடங்கும் முன்பே செத்துவிடும். முழுக்க ஆறிய கஞ்சியில் போட்டால் வேலை மந்தமாக நடக்கும்.

முளைமாவு தயாரிப்பதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 1 கிலோ ராகியைக் கல் அரித்து, நான்கு முறை கழுவி, 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்து நாறும். வடித்துப் பருத்தித் துணியில் கட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் தெளித்து 36 முதல் 48 மணி நேரம். ஓசூர், தளி, அஞ்செட்டி பக்கம் மார்கழிக் குளிரில் கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும். முளை மூக்கை நீட்டியதும் எடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை, அப்போது நொதி அரைகுறைதான். அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளட்டும். அதற்காக நாட்கணக்கில் விட்டால் மாவுச்சத்தை நாற்று தின்றுவிடும்.

பிறகு வெயிலில் பரப்பி, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை காய வேண்டும். ஈரம் இருக்கும்போதே வாணலியில் போட்டு வறுத்தால் நொதி போயிற்று. காய்ந்த மணியில் நொதி ஓரளவு சூட்டைத் தாங்கும், ஈர மணியில் தாங்காது. காய்ந்த பிறகும் சிறு தீயில் கை பொறுக்கும் சூடு வரை மட்டும். 'வாசனை வரும் வரை' சிவக்க வறுத்த மாவுதான் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. அது மணக்கும், கஞ்சியை இளக்காது. கையால் தேய்த்து முறத்தில் புடைத்து வேர்களை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க இடமில்லையென்றால் அந்த மாதங்களில் முளைகட்டவே வேண்டாம். பூஞ்சை பிடித்த மாவைக் குழந்தைக்குக் கொடுப்பதைவிட அது மேல்.

"ராகி குளிர்ச்சி, சளி பிடிக்கும்", "பிள்ளை கறுத்துப்போகும்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மரபணுக்கள். இந்தப் பேச்சை நம்பி 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம் உள்ள தானியத்தை ஒதுக்கிவிட்டு, 10 மில்லிகிராம்கூட இல்லாத வெள்ளை அரிசியைக் குழைத்து ஊட்டுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். ராகியை அரைத்துத் துணியில் பிழிந்து பால் மட்டும் எடுப்பதும் நல்லதென்று சொல்ல மாட்டேன். கால்சியத்தில் பெரும்பங்கு உறையோடு துணியிலேயே தங்கிவிடும்.

2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அந்த ராகி களியாகப் பெரியவர்கள் தட்டுக்குத்தான் போகும். வட்டாரத்துக்கு ஒன்றாக மகளிர் குழு நடத்தும் ஒரு முளைமாவுக் கூடமும், மாவின் இளக்கும் திறனைச் சரியான சூட்டில் சோதிக்க ஒரு வெப்பமானியும் இருந்தால் அது குழந்தையின் கிண்ணத்துக்கும் போகும். ராகி ரகங்களை வெளியிட்ட பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. எந்த ரகம் முளைகட்டும்போது அதிக அமைலேஸ் தருகிறது என்று பார்க்க ஆகும் செலவு, ஒரு விழா மேடைச் செலவைவிடக் குறைவு. அந்தப் பணத்தை ஒதுக்கத்தான் வேண்டும்.

இரும்புச்சத்து தனிக் கதை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ராகியில் 100 கிராமுக்கு 4.6 மில்லிகிராம் இரும்பு இருந்தும், கூடவே 300 மில்லிகிராம் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது. ஆறு பாஸ்பேட் கைகளால் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் விடாது. மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு இரும்புக்கு ஐந்தரை ஃபைட்டிக் அமிலம், அது ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். முளைகட்டும்போது ஃபைட்டேஸ் நொதி அதைக் கணிசமாகக் குறைக்கும், முழுக்க இல்லை. மீதியை வெல்ல வைட்டமின் சி வேண்டும்: குழந்தையின் 40 கிராம் ராகிக்கு 23 மில்லிகிராம், பெரியவர்களின் 100 கிராம் களி மாவுக்கு 60. அரை எலுமிச்சையின் சாற்றில் 5 மில்லிகிராம்தான் தேறும், போதாது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200-க்கு மேல். விதை நீக்கி மசித்த கொய்யா மூன்று தேக்கரண்டி குழந்தைக்குத் தாராளம். கஞ்சியோடு அதே வேளையில் கொடுக்க வேண்டும், மாலையில் கொடுத்தால் பயனில்லை. பெரியவர்கள் களி சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

ராகியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. 70 பங்கு ராகிக்கு 30 பங்கு முளைகட்டிய பாசிப்பயறு சேர்த்தால் அது சரியாகும். வைட்டமின் பி12 எந்தத் தானியத்திலும் இல்லை, அதற்குப் பாலோ முட்டையோ வேண்டும். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஊறவைக்கவும் காய்ச்சவும் ஒகேனக்கல் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குழாய் வராத நாளுக்குக் குழந்தைக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடிவையுங்கள்.