அவர் பாடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மனச்சோர்வு என்று அழைத்து வரப்படும் முதியவர்களிடம் பசி, தூக்கம், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை விசாரித்த பிறகு, அண்மையில் எதையேனும் செய்யாமல் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்பது என் வழக்கம். பலமுறை கேட்டுச் சலித்த பதிலே இந்த வாரமும் வந்தது. வாரந்தோறும் கூடிப் பாடும் குழுவுக்குப் போய்வந்த அந்த அம்மாவை, இந்த வயதில் பாட்டு எதற்கு என்று வீட்டார் தடுத்திருக்கிறார்கள். பாடல்களைத் தம் கைப்பட எழுதிய நோட்டை அவர் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோது, உடன் வந்த மகன், "அம்மா ஒன்றும் பெரிய பாடகி இல்லையே, டாக்டர்" என்றார்.

என்னை மிகவும் வருத்தும் எண்ணம் இதுதான். திறமை உள்ளவர்களுக்கே கலை, மற்றவர்களுக்கு அது வீண்பொழுது என்று நம்புகிறோம். நடைப்பயிற்சி செய்பவரிடம் பந்தயத்தில் வெல்வீர்களா என்று எவரும் கேட்பதில்லை. பாடுபவரிடமும் வரைபவரிடமும் மட்டும் அதைக் கேட்கிறோம். சுருதி விலகினாலும், குழுவில் பாடுபவர் குறித்த நாளில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். வரிகளை நினைவில் நிறுத்துகிறார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க நான்கு பேரைப் பெறுகிறார். மேடையேறும் தகுதிக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கலையைப் பார்க்கவும் கேட்கவும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 6,710 பேரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அருங்காட்சியகம், நாடகம், இசை நிகழ்ச்சி என்று போனவர்களுக்கு, அறவே போகாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. வசதியும் உடல்நலமும் உள்ளவர்களே அதிகம் போவார்கள் என்பதால் அவற்றையும் கணக்கில் கொண்டே இந்த அளவை எட்டினார்கள். ஆயினும் இது எவர் வாழ்விலும் எதையும் மாற்றிப் பார்க்காமல், நடப்பதைக் கவனித்து மட்டும் செய்த ஆய்வு என்பதால், கலைதான் ஆயுளைக் கூட்டியது என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

பொதுப்பணத்தை நிர்வகிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டில் நூலகக் கூடத்தையும் நாடக அரங்கையும் முதலில் பூட்டாதீர்கள். சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதும் கலைகளைத் துய்ப்பதும் ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. பூட்டிய கூடத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலரை நாங்கள் பிறகு மருத்துவமனையில் சந்திக்கிறோம்.

வீட்டில் உள்ளவர்கள் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். விருந்தினர் முன் பாடிக் காட்டு என்று வற்புறுத்தவும் வேண்டாம். தேர்வு ஆண்டு என்று பிள்ளையின் வண்ணப்பெட்டியைப் பிடுங்கி வைக்காதீர்கள். விருப்பமில்லாதவரை இழுத்துப் போவதும் தவறு. முதல் நாள் உடன் போய் அமர்ந்திருங்கள், போதும். பாடத் தொடங்கியாயிற்றே, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதா இல்லையா என்பதை அடுத்த பரிசோதனையில் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை இரண்டும் தொடரட்டும்.