தண்ணீர் இல்லாமல் குதிரை எவ்வளவு தூரம் ஓடும்?

1917 அக்டோபர் 31, முதல் உலகப் போர். பாலஸ்தீனத்தின் தெற்கே துருக்கியர் கையில் இருந்த பீர்ஷெபா என்ற சின்ன ஊர். மணி மாலை நாலரை, பொழுது சாயப்போகிறது. ஊருக்குள் இருக்கும் கிணறுகளை இருட்டுவதற்குள் பிடிக்காவிட்டால், தண்ணீருக்காகப் பாலைவனத்தில் வெகுதூரம் பின்வாங்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் 4, 12ஆம் லைட் ஹார்ஸ் (இலகு குதிரைப்படை) ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த சுமார் 800 பேர், துருக்கியரின் பதுங்குகுழிகளை நோக்கிக் குதிரைகளை விரட்டினார்கள். கையில் வாள்கூடக் கிடையாது. துப்பாக்கிமுனைக் கத்தியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள்.

இதை வீரக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். முந்தைய இரவெல்லாம் நடந்து, பல குதிரைகள் ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீரையே காணாத நிலையில், சுமார் ஆறு கிலோமீட்டர் எப்படி ஓடின என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஓட்டியவர்களில் பலர் ஆட்டுப் பண்ணையிலும் மாட்டுப் பண்ணையிலும் வளர்ந்தவர்கள். சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. தேறினால் இராணுவம் அதை விலைக்கு வாங்கிச் சூடு போட்டுவிடும். இவர்கள் குதிரைமேல் போய், இறங்கிச் சண்டை போடும் துப்பாக்கி வீரர்கள். நாலு பேர் ஒரு குழு. மூவர் சுட, ஒருவர் நாலு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்.

ஆள், சேணம், துப்பாக்கி, தோட்டா, தீவனம் எல்லாம் சேர்ந்தால் 130 கிலோ வரை வரும். 500 கிலோ குதிரைக்கு இது கால்வாசி எடை. சேணத்தின் இரு பக்கப் பலகைகளும் பாரத்தை விலா எலும்புகள்மேல் பரப்பிவிடும். முதுகெலும்புக்கு மேலே காற்றுப் போக இடைவெளி இருக்கும். அடியில் போர்வையை மடித்துப் போடுவார்கள். அந்த மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சாயங்காலத்துக்குள் முதுகு புண்ணாகிவிடும். அதனால் நெடும்பயணத்தில் அவ்வப்போது இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டே போவார்கள்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குதிரைக்குச் சாதாரண நாளிலேயே 25 முதல் 45 லிட்டர் வரை வேண்டும். வெயிலில் கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வியர்வையாகவே போகும். அந்த வியர்வையில் லாதெரின் என்ற புரதம் இருக்கிறது. அது சோப்பு மாதிரி வேலை செய்து, எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தின்மேல் வியர்வையைப் பரப்பி ஆவியாக்குகிறது. கடிவாள வார் கழுத்தில் உரசும் இடத்தில் வெள்ளை நுரை தள்ளுவது இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பு ஏறும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வை இரத்தத்தின் அளவுக்கோ அதைவிடவோ உப்பானது. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் வற்றிப்போன குதிரைக்குத் தாகமே தெரியாமல் போகலாம்; தொட்டியில் தண்ணீர் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்படியானால் எதை வைத்துச் சமாளித்தது? முதலில் குடல். பெருங்குடலில் ஊறிக் கிடக்கும் நார்த்தீவனம் ஏராளமான நீரைப் பிடித்து வைத்திருக்கும். இரத்தத்தில் நீர் குறையும்போது உடல் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் மண்ணீரல். குதிரை பாயத் தொடங்கியதும் அது சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டும். இதயம் நிமிடத்துக்கு 35 துடிப்பிலிருந்து 200ஐத் தாண்டும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு. குளிர்ந்த இரவில் நடத்தி வந்ததும் உதவியிருக்கும்.

குதிரைகள் தண்ணீர் வாசனை பிடித்துத்தான் அப்படி ஓடின என்றும் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. முன்னால் ஒன்று ஓடினால் பின்னாலேயே ஓடுவது குதிரையின் குணம்.

வேகம்தான் அன்று காப்பாற்றியது. துப்பாக்கிக் குறியைத் தொலைதூரத்துக்கு வைத்திருந்த துருக்கியர் பலர், குதிரைகள் நெருங்கிய பிறகும் அந்தத் தூரத்தைக் குறைக்காமலே சுட்டதால், குண்டுகள் தலைக்கு மேலே போயின. பாய்ந்த ஆஸ்திரேலியர்களில் இறந்தவர்கள் 31 பேர். குறைந்தது 70 குதிரைகளும் மாண்டன. கிணறுகளில் பெரும்பாலானவை தகர்க்கப்படாமல் கைக்கு வந்தன.

போர் முடிந்ததும் நோய்த்தொற்று பயத்தாலும் கப்பல் செலவாலும் குதிரைகளை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. வயதானவற்றையும் உடல் கெட்டவற்றையும் சுட்டுவிட்டார்கள். சுமார் 11,000 குதிரைகள் விற்கப்பட்டு, பெரும்பாலும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்குப் போயின. வேலர் எனப்படும் இந்த ஆஸ்திரேலியக் குதிரைகள் இங்கே புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவைதான்.