நாக்கில் மாவு பூத்தாற்போல் இருக்கிறதா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்

வேலூர் வெயிலில் வாய் வெந்துபோனால் யாருக்கும் சந்தேகம் வராது. 'உடம்புச் சூடு' என்பார்கள். மணத்தக்காளிக் கீரை, மோர், அப்புறம் மெடிக்கலில் ஓர் அட்டை பி காம்ப்ளெக்ஸ். பலருக்கு அதிலேயே ஆறியும் விடும். ஆறாதவர்கள்தான் கடைசியில் பல் மருத்துவரான என்னிடம் வருகிறார்கள்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம் ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுபவர், ஐம்பதை நெருங்கும் வயது. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு மாதமாக வாய்ப்புண்ணாம். நாக்கிலும் உள்கன்னத்திலும் திரிந்த பால் போல வெள்ளைப் படலம். பஞ்சுத் துணியால் மெல்லத் துடைத்தேன். உரிந்து வந்தது, அடியில் செக்கச்செவேலென்று இருந்தது. கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது.

"முழுங்கும்போது நெஞ்சில் மாட்டுதாம்மா?"

"ஆமா சார். கோயில் கூழே இறங்கல."

அந்தப் பதில்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. வெள்ளையாகப் படர்ந்திருந்த பூஞ்சை வாயோடு நிற்காமல் உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலும் சும்மா குடியிருக்கும். எதிர்ப்புசக்தி சரியும்போதுதான் தலையெடுக்கும். எச்ஐவி உள்ளவர்களுக்கு, எதிர்ப்புசக்தி தரும் சிடி4 என்ற ரத்த வெள்ளை அணுக்கள் 200-க்குக் கீழே போகும்போது இது அதிகமாக வருகிறது. எப்போதும் வெள்ளையாகவே இருக்கும் என்றும் இல்லை. மேலண்ணத்திலும் நாக்கின் நடுவிலும் வெறும் சிவப்பாக, லேசான எரிச்சலோடு வரும் வகை உண்டு. மருத்துவர்களே தவறவிடுவது அதைத்தான்.

வெள்ளைப் படலம் என்றாலே எச்ஐவி என்று யாரும் பதற வேண்டாம். கட்டுப்படாத சர்க்கரை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, நாள்கணக்கில் ஆன்டிபயாடிக், ராத்திரியும் கழற்றாத பல்செட் என்று காரணங்கள் நிறைய. துடைத்தாலும் உரியாத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். பீடி, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் அதை உடனே காட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இந்தக் காரணம் எதுவும் இல்லை. எச்ஐவி பரிசோதனை பற்றித் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "வீட்டுக்காரர் போயே எட்டு வருஷம் ஆச்சு, எனக்கு எப்படி சார்?" என்றார். கிருமி எட்டு, பத்து வருடம்கூட எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளேயே இருக்கும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

பல வருடங்களுக்கு முன் இதேபோல வந்த ஒருவரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, வாயில் தடவும் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்து அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எதிர்ப்புசக்தி சரிந்து, டிபி முற்றிப் படுக்கையில் இருந்தார். அன்றிலிருந்து கேட்காமல் விடுவதில்லை.

இந்தியாவில் எச்ஐவி கிருமி இருப்பது முதலில் தெரிந்ததே நம் ஊரில்தான். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 1097-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

வாயில் மட்டும் பூஞ்சை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். உணவுக்குழாய்க்கு இறங்கிவிட்டால் தடவும் மருந்து போதாது. ஃப்ளுகோனசோல் மாத்திரை இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. அரைகுறையாக அடிக்கடி போட்டால் பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் போகும். எச்ஐவி உள்ளவர்களுக்கு இதை நிரந்தரமாகத் தடுப்பது, அந்தக் கிருமியை அடக்கும் கூட்டு மருந்துதான். ஏற்கெனவே கூட்டு மருந்து எடுப்பவருக்கு நாக்கு மறுபடி வெளுத்தால், மாத்திரை விட்டுப்போனதா என்று திட்டாமல் கேளுங்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு எச்ஐவி உறுதியாகி, கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். சில மாதம் கழித்து ஆடிய பல்லைக் காட்ட வந்தார். நாக்கு சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: "பேரனுக்கு என் தட்டிலேருந்து ஊட்டலாமா சார்?"

"தாராளமா ஊட்டுங்கம்மா. தட்டு, டம்ளர், முத்தம் எதிலும் எச்ஐவி பரவாது."