அழுத்துணர் தொடுதிரை: சொல் விளக்கம்

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மாம்பழக் கடை முன்னால் நின்று பழத்தைக் கையில் எடுத்தால் ஒரு குரல் கட்டாயம் வரும்: “அமுக்காதீங்க அக்கா!” எந்தக் கடைக்காரரும் “அழுத்தாதீங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை வேறுபாட்டோடு 2015இல் எனக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டு.

அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று ஐபோன் 6எஸ் விற்பனைக்கு வந்தது. முதல் நாளே அது கிடைத்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. நண்பர் ஒருவர் சுடச்சுட வாங்கி வந்து காப்பிக்கடை மேசையில் வைத்தார். “தொடாதே, அழுத்து” என்றார். மின்னஞ்சல் பட்டியலில் ஒரு வரியின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். சுற்றியிருந்தவை மங்கின. அந்தக் கடிதம் மட்டும் ஒரு அட்டை போல மேலெழுந்து வந்தது. விரலை எடுத்ததும் திரும்பப் போய் ஒளிந்துகொண்டது. மறுபடி வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். விரலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு துடிப்பு, கடிதம் முழுதாகத் திறந்தது. கண்ணாடி உள்ளே போய் வந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். அந்த ‘டக்’, உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் செய்த வேலை என்று நண்பர் சொன்ன பிறகும் விரல் நம்பவில்லை.

நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். அடுத்த வாரமே விற்பனையாளர்களுக்கான ஒரு கையேடு மேசைக்கு வந்தது. அதில் ‘பிரஷர் சென்சிடிவ் டச்ஸ்கிரீன்’ என்ற தொடர். முதல் வேகத்தில் “அழுத்தத்திற்கு உணர்திறன் மிக்க தொடுதிரை” என்று எழுதினேன். படித்துப் பார்த்த மனைவி கேட்டாள்: “என்ன இது, பிளட் பிரஷர் பார்க்கிற மெஷினா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. ‘அழுத்தம்’ என்ற பெயர்ச்சொல் இப்போது ரொம்பச் சுமக்கிறது. இரத்த அழுத்தம், மன அழுத்தம், காற்றழுத்தத் தாழ்வு; போதாததற்கு, வாயைத் திறக்காத ஆளையும் ‘சரியான அழுத்தம்’ என்கிறோம். சரி, சொல்லைப் பிரித்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொடுதிரை என்பதில் சிக்கல் இல்லை. அது ஊறிப்போன சொல்லாகிவிட்டது. தொட்ட திரை, தொடுகின்ற திரை, தொடும் திரை என்று மூன்று காலத்தையும் உள்ளே மறைத்து வைத்திருக்கும் வினைத்தொகை அது. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் வகையறா. அதனால்தான் நடுவில் ஒற்று மிகாது. ‘தொடுத்திரை’ என்று சில அறிவிப்புகளில் பார்க்கும்போது பல் கூசுகிறது. அது தொடுத்த பூமாலையின் உறவினர் மாதிரி நிற்கும்.

தொடு என்ற வினையைத் தோண்டினால் வேறொன்று கிடைக்கிறது. ‘தோண்டினால்’ என்று தெரிந்தேதான் எழுதினேன். பழைய தமிழில் தொடு என்றால் தோண்டு என்றும் பொருள். பள்ளியில் மனப்பாடம் செய்த ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ நினைவிருக்கும்: தோண்டிய அளவுக்கு ஊறும் கேணி. அங்கே தொட்டவன் மணலை வெறுமனே வருடவில்லை, ஆழமாகப் போயிருக்கிறான். தொடுகடல் என்ற பழஞ்சொல்லிலும் தோண்டப்பட்ட கடல்தான் இருக்கிறது. ஆக, எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு கிடைக்கும் என்கிற எண்ணம் நம்முடைய ‘தொடு’வில் ஒரு காலத்தில் குடியிருந்தது. பிறகு மேலோட்டமான தொடுதல் மட்டும் மிஞ்சிவிட்டது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்கும்போது யாரும் கேணி வெட்டுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் இந்த வசதிக்கு ‘3டி டச்’ என்று பெயர் வைத்ததும் இந்த ஆழத்தை மனத்தில் வைத்துத்தான்: இடம்வலம், மேல்கீழ், அதோடு உள்ளே.

இனி அழுத்து. இதன் இணை அழுந்து. திருந்து – திருத்து, வருந்து – வருத்து போல அழுந்து – அழுத்து. அழுந்துவது என்றால் அமிழ்வது, உள்ளே பதிவது. அழுத்துவது என்றால் பதியச் செய்வது. நகையில் மணி பதிப்பதையும் ‘மணி அழுத்திய’ என்று சொல்வது உண்டு. அமுக்கு என்பதற்கும் இதேபோல அமுங்கு என்று ஒரு இணை இருக்கிறது, ஆனால் குணம் வேறு. அமுங்குவது, இடம் கொடுக்கிற பொருள்: தலையணை, பழுத்த மாம்பழம், மின்தூக்கிப் பொத்தான். அமுக்கினால் அது உள்ளே போகும், கைக்கே தெரியும். அழுத்தும்போது பொருள் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பலம் நம் பக்கத்திலிருந்து போகிறது, அவ்வளவுதான். மாம்பழக்காரரின் கவலையே பழம் இடம் கொடுத்துவிடும் என்பதுதான். கண்ணாடிக்கு அந்தக் கவலை கிடையாது. ஆகவே இந்தத் திரைக்கு அழுத்துதான் பொருத்தம்.

அமுக்கு பொருந்துகிற திரையும் ஒன்று இருந்தது. 2008இல் வந்த பிளாக்பெரி ஸ்டார்ம் கைத்தொலைபேசியில் திரை முழுவதும் ஒரே பெரிய பொத்தான் போல உண்மையாகவே அமுங்கும். அதை ‘அமுக்குதிரை’ என்று கூசாமல் எழுதலாம்.

அப்படியானால் இதை ‘அழுத்துதிரை’ என்று முடித்துவிடலாமே? முடியாது. மின்தடை வகைத் தொடுதிரைகளை மறந்துவிடக்கூடாது. நோக்கியா 5800 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: குச்சியாலோ நகத்தாலோ குத்த வேண்டும். மேலே ஒரு மெல்லிய ஏடு, கீழே ஒரு ஏடு, நடுவில் இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும், ஒட்டிய இடம் எதுவென்று கருவிக்குத் தெரியும். அழுத்தாமல் அது வேலை செய்யாது, ஆனால் எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. பிறகு வந்த மின்தேக்க வகைத் திரைகளுக்கு அழுத்தவே வேண்டாம். விரல் பட்டாலே மின்புலம் மாறுகிறது, அது போதும். 6எஸ் செய்தது, இந்த இரண்டாம் வகைத் திரைக்கு அடியில் பின்னொளித் தகட்டோடு இன்னோர் அடுக்கு உணரிகளை வைத்தது. விரல் அழுத்தும்போது மேல் கண்ணாடி துளியளவு வளைகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. கண்ணாடிக்கும் அந்த உணரிகளுக்கும் இடையே தூரம் குறைவதை அவை அளந்து சொல்லும். முந்திய மாதிரி 129 கிராம், இது 143 கிராம். அந்தக் கூடுதல் எடைக்கு இந்த அடுக்கும் ஒரு காரணம்.

ஆக, முக்கியமான வேலை அழுத்துவது இல்லை, அழுத்தியதை அறிவது. அங்கேதான் ‘சென்சிடிவ்’ வருகிறது. லத்தீனில் உணர்வதைக் குறிக்கும் வினையிலிருந்து கிளைத்த சொல். நம் பேச்சில் “அவ ரொம்ப சென்சிடிவ்” என்றால் சட்டென்று கண் கலங்குகிற ஆள் என்று அர்த்தமாகிவிட்டது. ‘உணர்ச்சி’ என்று எழுதினால் திரை அழத் தொடங்கிவிடும். ‘உணர்திறன்’ சரியான சொல்தான், ஆனால் நீளம். கையேட்டில் பக்கத்துக்குப் பத்து முறை வந்தால் படிப்பவர் ஓடிவிடுவார். வெறும் ‘உணர்’ போதும். தமிழில் உணர்தல் என்றால் மேலில் படுவதும்தான், அறிவதும்தான்; “பொருள் உணர்ந்து படி” என்கிறோம் இல்லையா? திரைக்கு இரண்டும் வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர் யாராவது இங்கே கையைத் தூக்குவார். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. திரை அளப்பது விசையை அல்லவா? நியாயமான கேள்வி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே விசையில் ஊன்றினால் அழுத்தம் வேறுவேறு, கண்ணாடி வளைவதோ கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆப்பிளே முதலில் தன் கைக்கடிகாரத்தில் இதை ‘ஃபோர்ஸ் டச்’ என்றுதான் அழைத்தது. 2015 செப்டம்பரிலேயே, 6எஸ் அறிமுகத்துக்குச் சில நாள் முன்னால், ஹுவாவெய் பெர்லினில் தன் மேட் எஸ் திறன்பேசியைக் காட்டியபோது அதன் திரைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து எடை போட்டுக் காட்டியது. எடை என்றால் விசைதானே. ஐபோனுக்கும் அப்படி ஓர் எடைச் செயலியை ஒருவர் எழுதினார். ஆப்பிள் தன் செயலிக் கடையில் ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு இருந்தும் ‘விசையுணர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விசைத்தறி, விசைப்படகு என்று என்ஜின் சத்தம் கேட்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்திலேயே விசைப்பலகை வேறு இருக்கிறது.

‘அழுத்தம்’ என்ற பெயர்ச்சொல்லை விட்டு ‘அழுத்து’ என்ற செயலைப் பிடித்துக்கொண்டால் ஆசிரியரின் கேள்வியும் அடங்கிவிடும், இரத்த அழுத்தமும் விலகிவிடும். அழுத்து என்பதே பெயராக நிற்குமா? நிற்கும். “ஒரு தட்டு தட்டினான், ஒரு அழுத்து அழுத்தினான்” என்று தினமும் சொல்கிறோம்; அதற்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணத்தில் பெயரும் உண்டு. அழுத்து + உணர் என்று சேரும்போது கடைசி உகரம் கழன்று அழுத்துணர் ஆகிறது. உணர், தொடுதிரை இரண்டும் சேர்வதும் வினைத்தொகைதான், எனவே அங்கேயும் ஒற்று கிடையாது. அழுத்துணர் தொடுதிரை. மனைவி படித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முத்திரை.

கையேட்டில் அடுத்து வந்தது ‘பீக்’, ‘பாப்’ என்ற ஜோடி. மெல்ல அழுத்தினால் அட்டை மேலெழுவது பீக், இன்னும் அழுத்தினால் முழுதாகத் திறப்பது பாப். ‘பீக்’ என்பதற்கு யோசிக்கவே இல்லை: எட்டிப்பார். “சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிற உறவினரின் நிலைமைதான் அந்த அட்டை. ‘பாப்’ என்பதற்கு வெறும் ‘திற’. துள்ளலான சொல் ஒன்று தேடி அலைந்தேன்; கிடைக்கவில்லை.

இந்தத் திரையில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று இருந்தது. விசைப்பலகையின்மேல் பலமாக அழுத்தினால் எழுத்துகள் எல்லாம் மறைந்து அது வெறும் பலகையாகிவிடும். விரலை நகர்த்தினால் சுட்டிக்கோடு வரிக்குள் ஓடும். ‘பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு செல்லும்’ என்று அடித்துவிட்டு, விட்டுப்போன ‘ச்’ஐப் போடத் திரும்பிப் போக, இதைவிடச் சுகமான வழியை நான் பார்த்ததில்லை.

ஆனால் கண்ணால் பார்த்து எந்த இடம் அழுத்தத்துக்கு மசியும் என்று சொல்ல முடியாது. எதையும் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலும் அழுத்துவதும் அழுத்திப் பிடிப்பதும் வேறு. செயலியை நீக்க ஒன்று, குறுக்குவழிப் பட்டியலுக்கு இன்னொன்று. பலருக்கு இந்த வசதி தங்கள் கையில் இருப்பதே தெரியாமல் போனது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆரில் அந்த அடுக்கு இல்லை. 2019இல் ஐபோன் 11 வரிசை முழுவதிலும் போய்விட்டது. இடத்தைப் பிடித்தது ‘ஹாப்டிக் டச்’. கிரேக்கத்தில் தொடுதலைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது ஹாப்டிக். எனவே பெயரைப் பிரித்தால் தொடுதொடுகை என்று அசட்டுத்தனமாக வரும். நடைமுறையில் அது காலத்தைத்தான் அளக்கிறது, விரல் எவ்வளவு நேரம் இருந்தது என்று. அதற்குத் தமிழில் ‘தொட்டுப்பிடி’ போதும். அழுத்து என்ற சொல்லை அங்கே செலவழிக்க வேண்டாம். அழுத்துணர் என்ற அடைமொழி வீணாகவில்லை. மடிக்கணினித் தொடுபலகைக்கும், அழுத்தி எழுதினால் தடித்த கோடு போடும் மின்பேனாவுக்கும் அப்படியே ஒட்டுகிறது.

அங் மோ கியோவில் இருக்கும் என் அத்தையிடம் அப்படி ஒரு திரை கொண்ட பழைய ஹேண்ட்ஃபோன் கொஞ்ச காலம் இருந்தது. “எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு பெட்டி திறக்குதுப்பா” என்பார். பார்த்தேன். கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு ஊன்றிக்கொண்டிருந்தார். “அமுக்காதீங்க அத்தை, தொடுங்க.” “தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!” அமைப்பில் லேசு, நடுத்தரம், பலம் என்று மூன்று படி இருந்தது. பலம் என்பதில் மாற்றி வைத்தேன். அத்தைக்கு அதுவும் போதவில்லை.