பிள்ளையைப் பிரிக்கும் முன்: அமெரிக்காவில் வீடு தேடி வரும் பெற்றோர் ஆலோசனை

ஒரு வீட்டில் குழந்தை பாதுகாப்பாக இல்லை என்று குழந்தை நலத் துறைக்குத் தகவல் போனால், பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றே அமெரிக்காவில் வாழும் பல பெற்றோர் நடுங்குகிறார்கள். அந்தப் பயம் வீணானதல்ல. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-இ பிரிவின் கீழ் மத்திய அரசு தரும் நிதி, பெரும்பாலும் குழந்தை ஃபாஸ்டர் கேர் எனப்படும் வளர்ப்புப் பராமரிப்புக்குப் போன பிறகே மாநிலங்களுக்குக் கிடைத்து வந்தது. 2018 பிப்ரவரி 9 அன்று கையெழுத்தான ‘ஃபேமிலி ஃபர்ஸ்ட்’ சட்டம் அந்த முறையை மாற்றி, குழந்தை வீட்டில் இருக்கும்போதே குடும்பத்துக்கு உதவ அதே நிதியைச் செலவிடலாம் என்றது.

மனநலச் சிகிச்சை, போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சை, வீட்டுக்கே வந்து தரும் பெற்றோர் பயிற்சியும் ஆலோசனையும் ஆகிய மூன்றுக்கு, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற திட்டத்தை வைத்திருக்கும் மாநிலம் 12 மாதம் வரை இந்த நிதியைப் பெறலாம். தேவை தொடர்ந்தால் மறுபடியும் பெறலாம். பிரிக்கப்படும் ஆபத்தில் இருந்தாலும் உதவி கிடைத்தால் வீட்டிலேயே பத்திரமாக வளரக்கூடிய குழந்தை, அதன் பெற்றோர், அதை வளர்க்கும் பாட்டி, சித்தி போன்ற உறவினர் ஆகியோருக்கு இது பொருந்தும். வருமான வரம்பு கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏழைகளுக்கான உதவி என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுபவர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்து என்ன செய்வார்கள்? 1974இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் தொடங்கிய ‘ஹோம்பில்டர்ஸ்’ முறையை எடுத்துக்கொள்வோம். பரிந்துரை வந்த 24 மணி நேரத்துக்குள் ஆலோசகர் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களைத்தான் அவர் பொறுப்பேற்பார். நான்கு முதல் ஆறு வாரம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கும்படி இருப்பார். அலுவலக நாற்காலியில் அமர்ந்து கேட்கும் அறிவுரைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் காலையில் குழந்தை சட்டை போட மறுத்து உருள்கிறது, தாய் கையை ஓங்குகிறாள் என்றால், அந்த நேரத்திலேயே உடனிருந்து, ஓங்கிய கையை இறக்கிய பிறகு என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று பழக்க முடியும். வீட்டில் அரிசி இல்லை, மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லை என்றால் அதற்கும் வழி தேடுவது இம்முறையின் பகுதியே. பசியோடிருக்கும் வீட்டில் பொறுமையை மட்டும் கற்பிப்பது நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

சேவை தொடங்கும் முன், குழந்தை வீட்டிலேயே இருப்பதா, சிறிது காலம் உறவினரிடம் இருப்பதா, அதற்கு என்னென்ன சேவை என்பதை எழுத்தில் ஒரு திட்டமாகப் பதிய வேண்டும். அதைப் படித்துப் பார்த்து, ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசகர் உங்கள் பக்கம் நிற்பவர்தான். ஆனாலும் குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் அதைத் தெரிவிக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது.

ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச இயலாத பெற்றோர், முதல் சந்திப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசு நிதி பெறும் அமைப்புகளில் பிறந்த நாட்டின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ, அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க உட்கார வைக்க வேண்டாம்.