ராகிகடிப் பெண்ணின் காதெலும்பு

ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்தில் இருக்கிறது ராகிகடி. சிந்துவெளி நாகரிகத்தின் மிகப் பெரிய ஊர்களில் ஒன்று. அங்குள்ள இடுகாட்டில் பானைகளோடு புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ.வைப் படித்துவிட்டதாக வசந்த் ஷிண்டே, நீரஜ் ராய், டேவிட் ரைக் முதலிய ஆய்வாளர்கள் 2019-இல் அறிவித்தார்கள். 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் தேறியது அந்த ஒன்றுதான். அதிலிருந்தும் நூறு தடவைக்கு மேல் முயன்றுதான் கொஞ்சம் கிடைத்தது.

பழியை வெயில்மேல்தான் போட வேண்டும். உயிருள்ள செல் தன் டி.என்.ஏ.வை ஓயாமல் பழுதுபார்த்துக்கொள்ளும். செத்த பிறகு அந்த வேலைக்கு ஆளில்லை. சூடும் ஈரமும் சேர்ந்து இழையைத் துண்டு துண்டாக்கிவிடும். சைபீரியாவின் உறைபனியில் பல்லாயிரம் ஆண்டு நிற்பது நம் மண்ணில் நிற்பதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் உட்காதைப் பொதிந்திருக்கும் எலும்பைத் தேடுகிறார்கள். உடம்பிலேயே மிகவும் கெட்டியான எலும்புகளில் ஒன்று அது.

அதைப் பொடித்தாலும் வருவதில் பெரும்பகுதி மண்ணிலிருந்த பாக்டீரியாக்களுடையதாகவே இருக்கும். போதாக்குறைக்கு, எலும்பைத் தொட்டவர்களின் டி.என்.ஏ.வும் ஒட்டியிருக்கும். பழையதைக் காட்டிக்கொடுப்பது அதன் சிதைவேதான். பழைய துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் என்ற வேதி எழுத்து கெட்டுப்போய், கருவியில் தைமின் என்ற வேறொரு எழுத்தாகப் பதிவாகும். நேற்று ஒட்டிய டி.என்.ஏ.வில் இந்தத் தேய்மானம் இருக்காது.

சரி, ஒரே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாகரிகத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. கிழக்கு ஈரானில் ஷஹர்-இ-சொக்தா, துர்க்மெனிஸ்தானில் கோனூர் (கொங்குநாட்டு ஊர்ப் பெயர் போலவே இருக்கிறது!) ஆகிய பழைய நகரங்களில் கிடைத்தவர்களில் 11 பேர் மட்டும் அக்கம்பக்கத்தாரோடு ஒட்டாமல் இருந்தார்கள். ஈரானியத் தொடர்புள்ள ஒரு வம்சாவளியும் தெற்காசியாவின் பழைய வேட்டைக்குடிகளின் வம்சாவளியும் அவர்களிடம் கலந்திருந்தன. ‘இவர்கள் உள்ளூர்க்காரர்கள் போல இல்லை’ என்பதோடு டி.என்.ஏ.வின் பேச்சு முடிந்துவிட்டது. எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்குத் தொல்லியல் கை கொடுத்தது. அந்த நகரங்களுக்கும் சிந்துவெளிக்கும் தொடர்பு இருந்தது. யானை உருவமும் சிந்து எழுத்தும் பொறித்த முத்திரை கோனூரிலேயே கிடைத்திருக்கிறது. அப்படியானால் சிந்துவெளியிலிருந்து போனவர்களாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ராகிகடிப் பெண்ணிடமும் அதே கலவை தெரிந்தபோது ஊகம் வலுத்தது. தனி ஒருத்தியாக இருந்தவளுக்கு 11 பேர் துணை கிடைத்தார்கள்.

ஐரோப்பிய-ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் வம்சாவளி அவளிடம் தென்படவில்லை. அவளுடைய ஈரானியத் தொடர்புள்ள கிளையோ, ஈரானில் வேளாண்மை தொடங்குவதற்கு முன்பே அங்கத்திய உழவர்களின் முன்னோரிடமிருந்து பிரிந்துவிட்டது. ஆகவே ஈரானிய உழவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இங்கே விவசாயம் பரப்பினார்கள் என்பதற்கு இந்த டி.என்.ஏ. இடம் தரவில்லை. ஆனால் ஆள் வராமலே விதையும் உழவு வித்தையும் வந்திருக்க முடியுமே? அதைக் கருகிய தானியங்களிடமும் ஆடுமாட்டு எலும்புகளிடமும்தான் கேட்க வேண்டும்.

அவள் பேசியது தமிழா, சமஸ்கிருதமா என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மரபணுவுக்கு நாக்கு கிடையாது. அவளுடைய காலம்கூட, ஏறத்தாழ கி.மு. 2800 - 2300 என்பது, தொல்லியல் சூழலை வைத்துச் சொன்னதுதான். மொழிக்குச் சாட்சியாக அவள் நாட்டு முத்திரைகளில் எழுத்து இருக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அதை இன்னும் யாரும் படித்துக்காட்டவில்லை.